லொகருக்குத் தெரிந்தது வோல்ற் மட்டும்தான்: வாகனத் தரவுப் பதிவில் சனல் அமைப்பது எப்படி?

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை, காலை ஆறரை மணி. காரின் சாவியைத் திருப்பிவிட்டு, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் லப்டொப் திரையைப் பார்க்கிறேன். ஒயில் அழுத்தம் −1.25 பார் என்று நிற்கிறது.

ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். ரயருக்குக் காற்று அடிக்கும் கணக்கில் 14.5 பிஎஸ்ஐ. என்ஜின் ஓடாதபோது ஒயில் அழுத்தம் பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே கீழே என்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் −1.25 என்பது நடக்கவே முடியாத எண். உலகத்திலேயே நல்ல பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து குழாயிலிருந்த காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்தாலும் −1.01 பாருக்குக் கீழே போகாது. அதற்குக் கீழே எடுப்பதற்குக் காற்றே மிச்சமில்லை.

காரணம் சாதாரணமானது. சென்சரின் கனெக்டர் சரியாகப் பூட்டவில்லை. வயரில் ஒன்றும் வரவில்லை, ஆகவே லொகர், அதாவது காரின் சென்சர்கள் அனுப்புவதைப் பதிந்துவைக்கும் கருவி, 0 வோல்ற் என்று வாசித்தது. முதல் நாள் இரவு நான்தான் அதற்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: வருகிற வோல்ற்றிலிருந்து 0.5ஐக் கழி, மிச்சத்தை 2.5ஆல் பெருக்கு. பூச்சியத்திலிருந்து 0.5 போனால் −0.5, அதை 2.5ஆல் பெருக்கினால் −1.25. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

லொகருக்கு ஒயில் என்றால் என்னவென்று தெரியாது. அழுத்தம், வெப்பநிலை, வேகம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வயரில் இத்தனை வோல்ற், இன்னொரு வயரில் இத்தனை துடிப்பு, மற்றொன்றில் இந்த வரிசையில் சில இலக்கங்கள். இந்த எண்ணுக்கு இதுதான் அர்த்தம் என்று நாம் எழுதிக் கொடுப்பதற்குத்தான் 'சனல் அமைப்பது' என்று பெயர். பிழையாக எழுதிக் கொடுத்தால் அதையும் இரண்டு தசமதானத்துக்குத் துல்லியமாகக் காட்டும்.

மோடெக், ஏய்ம் நிறுவனத்தின் ரேஸ் ஸ்டூடியோ, டியூனர் ஸ்டூடியோ, ரேஸ்கெப்சர் என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் சனல் அமைக்கும் பெட்டி கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். சனலின் பெயர், அது எந்த உள்ளீட்டிலிருந்து வருகிறது, அலகு, வோல்ற்றை அந்த அலகுக்கு மாற்றும் கணக்கு, செக்கனுக்கு எத்தனை தடவை பதிய வேண்டும், கொஞ்சம் மழமழப்பாக்கும் ஃபில்டர், திரையில் காட்டும் கீழ் எல்லை, மேல் எல்லை. இவ்வளவுதான். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: ஆசைக்குத் தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன், திரையில் வரிசையாகச் சதுரக் கட்டங்கள் வந்தன. அதோடு விட்டுவிட்டேன். எந்தப் பெயர் வைத்தாலும் பரவாயில்லை, முதலில் வைத்த பெயரைக் கடைசி வரை மாற்றாதீர்கள். மாற்றினால் போன மாத ஓட்டத்தையும் இந்த மாத ஓட்டத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றென்று தெரியாது.

பெட்டியில் உண்மையான வேலை அந்த மாற்றுக் கணக்கில்தான் இருக்கிறது.

நேர்கோட்டுச் சென்சர்கள்

சாதாரண தரக் கணிதத்தில் படித்திறன், வெட்டுத்துண்டு என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? பரீட்சை முடிந்த கையோடு மறந்திருப்பீர்கள். இப்போது அதைத் தேடி எடுக்க வேண்டும்.

மூன்று வயர் அழுத்தச் சென்சர்களில் பெரும்பாலானவை ஒரே பழக்கம் உள்ளவை. ஒரு வயரில் 5 வோல்ற் கொடுக்கிறோம், ஒன்று ஏர்த், மூன்றாவதில் விடை வருகிறது. அழுத்தம் பூச்சியமாக இருக்கும்போது 0.5 வோல்ற், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ற். என்னுடையது 10 பார் சென்சர். ஆகவே 4 வோல்ற் இடைவெளிக்குள் 10 பார், ஒரு வோல்ற்றுக்கு 2.5 பார். அதுதான் படித்திறன். சூத்திரம் எழுதத் தெரியாவிட்டாலும் பிரச்சினையில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு புள்ளிகள் கேட்கும்: 0.5 வோல்ற்றுக்கு 0, 4.5 வோல்ற்றுக்கு 10. கோட்டை அதுவே வரைந்துகொள்ளும்.

பூச்சியத்துக்கு ஏன் 0.5 என்று நீங்கள் கேட்கலாம், 0 வோல்ற்றிலேயே தொடங்கினால் என்ன? அதன் பயனைத்தான் அன்று காலை கண்டேன். 0.5க்குக் கீழேயும் 4.5க்கு மேலேயும் உள்ள இடம் வேண்டுமென்றே விடப்பட்டது. வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ எண் அந்த இடத்துக்குள் போய் விழும், அது அழுத்தமல்ல, பழுது என்று தெரிந்துவிடும். சென்சர் 0 வோல்ற்றிலேயே தொடங்கியிருந்தால் அன்று திரையில் 0.00 என்று அழகாக நின்றிருக்கும். நானும் கனெக்டர் கழன்றது தெரியாமல் காரை எடுத்திருப்பேன்.

எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று சொல்லும் த்ரொட்டில் சென்சரும் நேர்கோடுதான். ஆனால் அதற்குப் புத்தகத்து எண்களை நம்ப வேண்டாம். ஒரே மொடல் காரிலேயே ஒன்றுக்கொன்று மாறும். சாவியைத் திருப்பி, மிதிக்காமல் என்ன வோல்ற் என்று பாருங்கள், 0.62 என்று வைப்போம். முழுவதும் மிதித்தால் 4.10. முதலாவதற்கு 0 வீதம், இரண்டாவதற்கு 100 வீதம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சில சென்சர்கள் தலைகீழாக வேலை செய்யும், மிதிக்க மிதிக்க வோல்ற் குறையும். அப்போதும் அதே இரண்டு புள்ளிகள்தான்.

காற்றும் பெற்றோலும் கலக்கும் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் கருவிகள் லொகருக்கென்றே ஒரு 0–5 வோல்ற் வயரைத் தருகின்றன. இனோவேற் எல்சி-2இல் 0 வோல்ற் என்றால் 7.35, 5 வோல்ற் என்றால் 22.39. வேறு கம்பனிக்காரரின் கருவிக்கு வேறு எண்கள். யாரோ தந்த அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்றிக்கொள்கிறவர்கள் இங்கேதான் அகப்படுவார்கள். கோடு ஏறும், இறங்கும், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், எண் மட்டும் பிழை. அதை நம்பி டியூன் பண்ணினால் பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம்.

இன்னொன்று. பற்றரி வோல்ற்றைப் பதிய ஆசைப்பட்டு 12 வோல்ற் வயரை 5 வோல்ற் உள்ளீட்டில் நேரே குத்திவிடாதீர்கள். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ற்றைத் தாண்டும். பற்றரிப் பக்கம் ஒரு 20 கிலோ ஓம் தடையும் ஏர்த் பக்கம் ஒரு 10 கிலோ ஓம் தடையும் போட்டு, நடுவிலிருந்து எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும். சனலில் 3ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

நேர்கோடு இல்லாத வெப்பநிலை

வெப்பநிலைக்குத்தான் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். நானும் விழுந்தேன்.

என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் இரண்டு வயர் சென்சர் தானாக வோல்ற் எதையும் தராது. அது ஒரு தடை, சூடு ஏற ஏறக் குறையும் தடை. பரவலாகப் பாவிக்கப்படும் பொஷ் வகைச் சென்சர் ஒன்றின் எண்கள்: 20 பாகையில் 2500 ஓம், 40இல் 1175, 60இல் 596, 80இல் 323, 100இல் 186. முதல் 20 பாகையில் ஆயிரத்து முந்நூறு ஓம் விழுந்தது, கடைசி 20 பாகையில் நூற்றுச் சொச்சம்தான். இதை ஒரு கோட்டில் அடக்க முடியாது. ஆகவே சனலில் சூத்திரத்துக்குப் பதிலாக ஓர் அட்டவணை: இந்த வோல்ற்றுக்கு இந்தப் பாகை என்று ஆறு ஏழு வரிகள்.

ஆனால் லொகர் தடையை அளப்பதில்லையே, வோல்ற்றைத்தானே அளக்கிறது? அதனால் 5 வோல்ற்றிலிருந்து தெரிந்த தடை ஒன்றின் வழியாகச் சென்சருக்கு மின்னைக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் என்ன வோல்ற் நிற்கிறது என்று பார்க்கிறோம். இந்தத் தெரிந்த தடையைப் புல்-அப் என்பார்கள். அது 1000 ஓம் என்றால், 20 பாகையில் 3.57 வோல்ற் வரும், 60இல் 1.87, 80இல் 1.22, 100இல் 0.78. புல்-அப் மாறினால் இந்த வோல்ற் எல்லாம் மாறிவிடும். சென்சர் அதேதான், சூடும் அதேதான், அட்டவணை மட்டும் செல்லாது.

இது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மாலை பம்பலப்பிட்டிச் சந்தியில், காலி வீதி நெரிசலுக்குள் நிற்கும்போது திரையில் 109 பாகை. நெஞ்சு திக்கென்றது. ஒரு மாதிரி ஓரங்கட்டி, கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணே, முதல்ல ரேடியேற்றர் மூடியத் தொடாதீங்க. பொனட்டத் திறந்தீங்களா? ஆவி வருதா?"

"இல்ல தம்பி, ஒண்டும் இல்ல."

"டேஷ்போட்ல மானி எங்க நிக்குது?"

"நடுவுலதான். எப்பவும் நிக்கிற இடம்."

"அப்ப காருக்கு ஒண்டும் இல்லண்ணே. உங்கட லப்டொப்புக்குத்தான் காய்ச்சல்."

அவர் சொன்னதுதான் சரி. என் லொகருக்குள் இருந்த புல்-அப் 2200 ஓம். நான் ஏற்றிய அட்டவணை 1000 ஓமுக்கு எழுதியது. தண்ணீர் உண்மையில் 80 பாகையில் இருந்தது, தடை 323 ஓம், 2200 ஓம் புல்-அப்போடு வோல்ற் 0.64. என் அட்டவணையில் 0.64 வோல்ற்றுக்கு நேரே 109 பாகை. வீட்டுக்கு வந்து பதிவின் தொடக்கத்தைப் பார்த்தால், காலையில் குளிர்ந்திருந்த என்ஜினுக்கே 50 பாகைக்கு மேல் காட்டியிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே அது பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. நான்தான் பார்க்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சென்சர் நல்லதாகவே இருக்கும், அதன் எண்கள் யாரிடமும் இருக்காது. கவலை வேண்டாம், அட்டவணையை நீங்களே செய்யலாம். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீருக்குள் சென்சரின் நுனியைக் கொஞ்ச நேரம் வைத்து மல்டிமீற்றரில் ஓமைப் பாருங்கள், அது 0 பாகை. கேத்தலில் கொதிக்கிற தண்ணீர் கொழும்பில் 100 பாகை. நடுவில் இறங்கி வரும் சூட்டுக்குச் சமையல் வெப்பமானி ஒன்று போதும். பிறகு அந்த ஓமை வோல்ற்றாக்குங்கள்: சென்சரின் தடையை, சென்சர் தடையும் புல்-அப்பும் கூட்டிய தொகையால் வகுத்து, 5ஆல் பெருக்க வேண்டும். அந்தக் கேத்தலில் அப்புறம் யாரும் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோம்பல்பட்டு, காரின் ஈசியூ (என்ஜினை நடத்தும் கணினி) பாவிக்கிற வெப்பச் சென்சரிலேயே லொகரின் வயரையும் சேர்த்து முறுக்காதீர்கள். ஈசியூவுக்குள் ஏற்கனவே ஒரு புல்-அப் இருக்கிறது. லொகரின் புல்-அப்பும் சேர்ந்தால் ஈசியூவுக்கே கணக்குப் பிழைக்கும், என்ஜின் குளிராக இருக்கிறதென்று நினைத்துப் பெற்றோலை ஊற்றும். தனிச் சென்சர் போடுங்கள், இல்லாவிட்டால் ஈசியூவிடமே கேட்டு வாங்குங்கள். எப்படிக் கேட்பதென்று கீழே வருகிறது.

துடிப்பு எண்ணும் சனல்

வேகம், ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) போன்றவற்றுக்கு வோல்ற் எவ்வளவு என்பது முக்கியமில்லை. வோல்ற் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் கணக்கு. சனலுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒரே எண்: ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை துடிப்பு, அல்லது ஒரு சுற்றுக்கு எத்தனை.

நம் வீதிகளில் ஓடுகிற பழைய ஜப்பான் கார்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானியத் தரப்படி, கார் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது ஸ்பீடோமீற்றர் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்றுச் சுற்றும். 60இல் போனால் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர், ஆகவே கிலோமீற்றருக்கு 637 சுற்று. கேபிளுக்குப் பதிலாகக் கியர் பொக்ஸில் இருக்கும் சென்சர் பெரும்பாலும் சுற்றுக்கு 4 துடிப்புத் தரும், மொத்தம் 2548. உங்களுடையது 8 துடிப்புச் சென்சராக இருந்தால், 2548 என்று எழுதிய சனல் சரியாக இரண்டு மடங்கு வேகம் காட்டும். காலி வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர் என்று வந்தால் அது எந்த நேரமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டிய எண்தான்.

கடைசித் திருத்தத்துக்கு ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். கட்டுநாயக்க அதிவேக வீதி மாதிரி நீளமான நேர்ப் பாதையில், ஒரே வேகத்தில் ஒரு நிமிடம் போனால் போதும். ஜிபிஎஸ் 80, சனல் 83 என்றால், கிலோமீற்றருக்கான துடிப்பு எண்ணை 83/80ஆல் பெருக்குங்கள். ரயர் அளவு மாற்றினால் மறுபடியும் இதே வேலை. எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் வீதியைப் பார்க்கட்டும்.

சில்லு வேகத்துக்காக ஏபிஎஸ் சென்சர் வயரைச் சுரண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பிரேக். அதில் கை வைக்காதீர்கள்.

கான் பஸ்ஸும் காலி வீதி பஸ்ஸும்

புதிய கார்களில் ஈசியூ, ஏபிஎஸ், டேஷ்போட் எல்லாம் ஒரு சோடி வயரில் பேசிக்கொள்கின்றன. அதற்குக் கான் பஸ் என்று பெயர். பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. காலி வீதியில் ஒரு ஹோல்ற்றில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா பஸ்ஸும் உங்கள் முன்னால்தான் போகும். 100 வரும், 101 வரும், இன்னும் எத்தனையோ வரும். உங்களுக்கு வேண்டிய இலக்கம் வரும்போது மட்டும் ஏறுவீர்கள். கான் செய்திகளுக்கும் அப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. சனலில் அந்த இலக்கத்தை எழுதி, செய்திக்குள் எத்தனையாவது பைட்டில் (0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும் இடம்) நமக்கு வேண்டியது உட்கார்ந்திருக்கிறது, அது ஒரு பைட்டா இரண்டா, எந்தப் பைட் முதலில் வரும், எதனால் பெருக்கி எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அந்த இலக்கங்களை எல்லாக் கம்பனிகளும் வெளியில் சொல்வதில்லை. ஆனால் ஓபிடி என்ற பொது மொழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1996இலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்து. அதில் நாம் கேட்க வேண்டும், ஈசியூ பதில் சொல்லும். 5 என்று கேட்டால் தண்ணீர் வெப்பநிலை, 12 என்றால் ஆர்பிஎம், 13 என்றால் வேகம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் ஓபிடிக்கான 16 ஊசிச் சொக்கட் இருந்தும் சில கேள்விகளுக்கு விடை வராது. அதற்கு, சொக்கட்டில் குத்தும் அடப்டரைத் திட்டிப் பயனில்லை.

ஆர்பிஎம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இரண்டு பைட் வரும். முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். கார் நின்றபடி என்ஜின் சும்மா ஓடும்போது 12, 128 என்று வந்ததாக வைப்போம். 12ஐ 256ஆல் பெருக்கினால் 3072, அதோடு 128ஐக் கூட்டினால் 3200, 4ஆல் வகுத்தால் 800. சரியான ஐட்லிங். இதையே பைட் வரிசையை மாற்றி எழுதிவிட்டால், 128ஐ 256ஆல் பெருக்கி 12ஐக் கூட்டி 4ஆல் வகுக்கும், 8195 வரும். அதோடு என்ஜின் வேகம் கொஞ்சம் மாறினாலும் கோடு பேய் பிடித்தது போல மேலும் கீழும் துள்ளும். அப்படித் துள்ளுகிற வரைபைக் கண்டால் முதலில் பைட் வரிசையைப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை அதுதான்.

தண்ணீர் வெப்பநிலை ஒரு பைட்தான், அதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும், மைனஸ் எண்களுக்கு இடம் வேண்டுமே, அதற்காக இந்தக் கழித்தல். ஆகவே கொழும்பு வெயிலில் −40 பாகை என்று திரை சொன்னால் வந்த பைட் பூச்சியம், அதாவது ஒன்றுமே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் −1.25க்கு இது உடன்பிறப்பு.

வயரைப் பற்றிச் சுருக்கமாக. சொக்கட்டில் 6ஆம், 14ஆம் ஊசிகள் கான். கார் முழுவதும் ஓய்ந்திருக்கும்போது அவை இரண்டுக்கும் இடையே மல்டிமீற்றரில் 60 ஓம் அளவு வர வேண்டும், இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இரண்டும் சேர்ந்து தருவது அது. சில கார்களில் இந்தச் சொக்கட்டுக்கும் உள்ளே இருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், செய்திகளை வடிகட்டி விடும் ஒரு கேட்வே இருக்கும், அவற்றில் இந்த அளவை நம்ப முடியாது. 16ஆம் ஊசியில் எப்போதும் பற்றரி இருக்கும், அடப்டரைக் குத்தியபடி இரண்டு கிழமை ஊருக்குப் போய்வந்தால் ஸ்டார்ட் வராமல் போகலாம். லொகரில் ஒன்றும் அனுப்பாமல் காதுகொடுக்க மட்டும் செய்யும் நிலை இருந்தால், ஓபிடியில் கேள்வி கேட்காமல் நேரடியாகக் கான் செய்திகளை எடுக்கும்போது அதைப் போட்டுவிடுங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேசிக்கொள்ளும் இடத்தில் நாம் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

செக்கனுக்கு எத்தனை தடவை?

எல்லாவற்றையும் உச்சத்துக்கு வைக்கத் தோன்றும். தேவையில்லை. தண்ணீர் வெப்பநிலை செக்கனுக்கு ஒரு தடவை போதும், அரை செக்கனில் அது ஒன்றும் தாவிவிடாது. ஆர்பிஎம், த்ரொட்டில் என்றால் 20, 50. சஸ்பென்ஷன் அசைவைப் பதிகிறவர்கள் 100க்கு மேல் போக வேண்டும். சில்லு குழியில் விழுந்து துள்ளுவது செக்கனுக்குப் பத்துப் பதினைந்து தடவை. அதைச் செக்கனுக்கு 10 தடவை மட்டும் பார்த்தால் மெதுவான ஓர் அலை தெரியும். அப்படி ஓர் அலை காரில் இருக்கவே இருக்காது. ஃபில்டர் போட்டும் அதைத் திருத்த முடியாது.

மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 27.8 மீற்றர். செக்கனுக்கு ஒருமுறை எழுதும் போன் ஜிபிஎஸ்ஸில் ஒரு வளைவு முழுவதும் இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். 10 தடவை என்றால் 2.8 மீற்றருக்கு ஒரு புள்ளி.

ஓபிடியில் இன்னொரு கட்டுப்பாடு. கேட்டுப் பதில் வாங்குகிற வேலை என்பதால் வரிசை நீள நீளத் தாமதம் கூடும். செக்கனுக்குப் 10 விடை கிடைக்கிறது என்றால், 10 சனல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான். உங்களுக்கு உண்மையில் வேண்டிய மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் இரண்டு நிமிடம்

அந்த 109 பாகைக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரவு முழுவதும் நின்ற கார், சாவி திருப்பியிருக்கிறது, என்ஜின் ஓடவில்லை. இந்த நிலையில் ஒவ்வொரு சனலுக்கும் என்ன எண் வர வேண்டும் என்று நமக்கு ஏற்கனவே தெரியும். தண்ணீர், உள்ளே போகும் காற்று, ஒயில், இந்த மூன்று வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக, கொழும்புக் காலையென்றால் 27, 28 பாகையில் இருக்க வேண்டும். ஒயில் அழுத்தம் 0. ஆர்பிஎம் 0. பற்றரி 12.5 பக்கம். என்ஜினுக்குள் காற்றுப் போகும் குழாயின் அழுத்தம், அதாவது இன்ரேக் மனிபோல்ட் அழுத்தம் (சுருக்கமாக மெப்) 101 கிலோபாஸ்கல், ஏனென்றால் என்ஜின் உறிஞ்சாதபோது உள்ளே இருப்பது வெளியில் இருக்கும் அதே காற்று.

இந்தக் கடைசி எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டத்துக்கு என் நண்பர் ஒருவர் காரைக் கொண்டுபோயிருந்தார். காலையில் போன் வருகிறது: "மச்சான், மெப் சென்சர் போயிட்டுது. சும்மா நிக்கேக்குள்ள 81 காட்டுது. கொழும்பில 101 இருந்தது." சென்சர் போகவில்லை, அவர்தான் மேலே போயிருந்தார். நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். நல்லகாலம், சனலில் 20ஐக் கூட்டி 'திருத்துவதற்கு' முன்பே கேட்டுவிட்டார். கேத்தல் சோதனையையும் அங்கே செய்யாதீர்கள், தண்ணீர் 94 பாகைக்கே கொதித்துவிடும்.

பிறகு ஸ்டார்ட் பண்ணி, அந்த எண்களில் எது நகரக் கூடாதோ அது நகர்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டவுடன் எல்லாச் சனலும் ஒன்றாகக் கொஞ்சம் ஏறினால் குற்றம் ஏர்த்தில். சென்சரின் ஏர்த் வயரை பொடியில் கண்ட இடத்தில் முறுக்கியிருப்பீர்கள். 0.1 வோல்ற் நகர்ந்தாலே என் ஒயில் அழுத்தத்தில் 0.25 பார் கூடிவிடும். சென்சர் ஏர்த்தை லொகருக்கே கொண்டுவந்து முடியுங்கள்.

எல்லாம் சரி என்றால் அமைப்புக் கோப்பைத் திகதி போட்டுச் சேமியுங்கள். முடிந்தால் மாற்றிய எண்ணோடு, மாற்றாத வெறும் வோல்ற்றையும் ஒரு சனலாகப் பதியுங்கள். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. பம்பலப்பிட்டியில் நான் வியர்த்து நின்ற அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. வோல்ற் இருந்ததால் 2200 ஓமுக்கு அட்டவணையைத் திரும்ப எழுதி, அதே கோப்பை மறுபடி திறந்தேன். 109இல் நின்ற கோடு அப்படியே இறங்கி 80இல் உட்கார்ந்தது. காலைப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன், 28 பாகையிலிருந்து தொடங்கியது.